மலையிறக்கத்தில் பெடல் தாழ்ந்தால் பிரேக் பேட் மாற்றினால் போதுமா?

வணக்கம் தம்பி. மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால், நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கிளிநொச்சியில் இருக்கிறீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த மஸ்டா யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அண்மையில் வாங்கியிருக்கிறீர்கள், 1.6 லீற்றர் இஞ்சின், ஏபிஎஸ் (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் இறுகிவிடாமல் காக்கும் அமைப்பு) இல்லை. ஓட்டம் பெரும்பாலும் ஏ9 வீதியில்தான். போன மாதம் நுவரெலியா போய் இறம்பொடைப் பக்கமாக இறங்கும்போது கருகல் மணம் வந்தது, பெடல் ஒவ்வொரு மிதிக்கும் கீழே கீழே போனது. ஓரமாக நிறுத்தி அரை மணித்தியாலம் ஆறவிட்டதும் எல்லாம் பழையபடி சரியாகிவிட்டது. கடைக்காரர் செராமிக் பேட் போடச் சொல்கிறார், வெளிநாட்டில் இருக்கும் நண்பர் ரேஸ் பேட் அனுப்புகிறேன் என்கிறார். இரண்டில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உள்ளே இருக்கிறது: அன்று உங்களைக் கைவிட்டது பேட்தானா?

நான் வவுனியாவில் வேலை பழகி, இப்போது மாங்குளத்துக்கு அருகில் கராஜ் வைத்திருப்பவன். இங்கே பிரேக் வேலை என்றால் ஹையேஸ் வான், நெல் ஏற்றும் லொறி, டிமோ பட்டா, இவைதான் அதிகம். ஸ்போர்ட்ஸ் கார் அபூர்வமாகத்தான் வரும், ஆனால் சூடும் உராய்வும் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். உங்கள் காரை நான் கண்ணால் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்தே எழுதுகிறேன்.

உறுதியானதில் இருந்து தொடங்குவோம். சூட்டில் பிரேக் பலவீனமாவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. எது என்று காலே சொல்லிவிடும். பெடல் இறுகி உயரத்திலேயே நிற்கிறது, எவ்வளவு பலமாக மிதித்தாலும் கார் நிற்க மறுக்கிறது என்றால் பேட் தன் அளவுக்கு மேல் சூடேறிவிட்டது. பேட்டைக் கட்டிப் பிடித்திருக்கும் பிசின் வெந்து வாயு விடுகிறது, உராய்வு போய்விடுகிறது. பெடல் அமுங்கி அமுங்கித் தரைப்பக்கம் போகிறது, இரண்டு மூன்று தரம் அடித்து மிதித்தால்தான் கொஞ்சம் பிடிக்கிறது என்றால் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் பேட்டை நெருக்கும் கலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஒயில் கொதித்துவிட்டது. ஒயில் அழுத்தத்தில் சுருங்காது, ஆவி சுருங்கும். நீங்கள் மிதிக்கும் மிதி பேட்டுக்குப் போகாமல் அந்த ஆவியை நசுக்குவதிலேயே முடிந்துபோகிறது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகும், பெடல் திரும்பி வரும். பழுது தானாகவே சரியாகிவிட்டது என்று நம்ப வைப்பதும் இதுதான்.

நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை. கருகல் மணம் வந்ததால் பேட்டும் நன்றாகச் சூடேறியிருக்கிறது. ஆனால் பெடல் கீழே போனதற்குப் பேட்டைக் குற்றம் சொல்ல முடியாது. பெடல் மிதியை ஒயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் உள் றப்பர் தேய்ந்திருந்தாலும் பெடல் இறங்கும் என்பது ஒரு சந்தேகம். அதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். கார் ஆறியிருக்கும்போது இஞ்சினை ஓடவிட்டு, பெடலை நடுத்தரமாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டர். அசையாமல் நின்றால் பழைய ஒயில்தான் என்று ஏறத்தாழ முடிவு கட்டலாம்.

பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். றப்பர் ஹோஸ் வழியாகவும், ஒயில் போத்தலின் மூடி வழியாகவும் ஈரம் போய்ச் சேரும். டொட் 4 என்ற வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தர விதி. நீர் 3.7 சதவீதம் சேர்ந்துவிட்டால் அதே விதி கேட்பது 155 பாகை மட்டும்தான். டொட் 3 இன்னும் கீழே, புதிதில் 205, ஈரம் சேர்ந்தால் 140. டொட் 5.1 என்றால் 260, 180. கைமாறிக் கைமாறி வந்த ஒரு பழைய கார், மாரியில் மாதக்கணக்கில் ஈரத்தில் நிற்கும் வன்னிக் கொட்டகை, ஒயில் எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாத நிலை. இறம்பொடையில் நடந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஒயில் போத்தலைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். தேநீர் நிறத்தில் இருந்தால் பேட் வாங்க முன்னமே அதை மாற்றுங்கள்.

மலை இறக்கம் என்ன செய்கிறது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன், ஏனென்றால் இதை அறியாமல்தான் பலர் பேட்டில் பணத்தைக் கொட்டுகிறார்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அந்த இறக்கத்தின் அடியில் இருக்கும் கம்பளை ஏறத்தாழ 500. உங்கள் கார் 1,000 கிலோவுக்கும் குறைவு. இரண்டு பேரும் பைகளும் சேர்ந்து 1,100 கிலோ என்று வையுங்கள். அந்த உயரத்தில் இருந்து இறங்கும்போது வெளியேற்ற வேண்டிய சக்தி, சமதரையில் 70 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் இதே காரை ஏறத்தாழ 70 தடவை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். ஒரு பகுதியைக் காற்றும் டயரும் தின்னும். மிச்சத்தை இஞ்சினிடம் கொடுக்காவிட்டால் முழுவதும் நான்கு டிஸ்க்குக்குத்தான் போகும்.

இப்போது அதே கணக்கை ஏ9 வீதிக்குக் கொண்டுவருவோம். முன் டிஸ்க் ஒன்று சுமார் 4 கிலோ என்று எடுத்தால், 70 கிலோமீற்றரில் இருந்து ஒருமுறை நிறுத்தும்போது அதன் சூடு கிட்டத்தட்ட 40 பாகைதான் ஏறும். அடுத்த தடவை பிரேக் மிதிக்க ஓமந்தையோ புளியங்குளமோ வர வேண்டும், அதற்குள் காற்றில் ஆறிவிடும். ஆட்களோடு ஓடும் ஹையேஸ் வானின் எடையில் பாதிகூட இல்லாத கார் இது. எடை குறைவு என்பதே இந்தக் காரின் மிகப் பெரிய பிரேக் மேம்பாடு, அதை மஸ்டா தொழிற்சாலையிலேயே செய்துவிட்டார்கள். லேசர் வெப்பமானி வைத்திருந்தால் ஒரு ஓட்டம் முடிந்ததும் பிடித்துப் பாருங்கள். ஆனால் பளபளக்கும் டிஸ்க் முகத்தில் பிடித்தால் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், துருப்பிடித்து மங்கிய நடுப்பகுதியில் பிடியுங்கள். நம்முடைய சமதரையில் 100 பாகையைத் தாண்டுவதே குறைவு என்பது என் அனுபவம்.

இதனால்தான் ரேஸ் பேட்டை வேண்டாம் என்கிறேன். அந்தப் பேட்களில் பல, 150, 200 பாகைக்கு மேல் போன பிறகுதான் முழுதாகப் பிடிக்கும்படி செய்யப்பட்டவை. ஓட்டப்பந்தயத்தில் அந்தச் சூடு முதல் சுற்றிலேயே வந்துவிடும். மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் நடுவில், விடிகாலைப் பனியில், பற்றைக்குள் இருந்து கட்டாக்காலி மாடு ஒன்று தாரில் ஏறும்போது உங்கள் பேட் குளிர்ந்துபோய் இருக்கும். அந்த முதல் மிதியில் பிடிக்க வேண்டும், இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. இன்னொன்றும் இருக்கிறது. உலோகம் கூடிய பேட் சூட்டை, கலிப்பருக்குள் பேட்டைத் தள்ளும் பிஸ்டன் பக்கம் நன்றாகக் கடத்தும். பழைய ஒயிலை அப்படியே விட்டு அந்தப் பேட்டைப் போட்டால், அதே இறக்கத்தில் முன்னைவிட விரைவாகக் கொதிக்கக்கூடும். நண்பரின் அன்புக்கு நன்றி சொல்லுங்கள், பேட்டுக்குப் பதிலாக நல்ல டொட் 4 போத்தல் இரண்டு அனுப்பச் சொல்லுங்கள்.

செராமிக் பற்றி. கடைகளில் செராமிக் என்று சொல்லப்படுவது பல நேரங்களில் உலோகம் குறைந்த சாதாரணப் பேட்தான். பெட்டியில் அச்சடித்த சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உண்மையான செராமிக் பேட் சத்தம் குறைவு, தூள் குறைவு, டிஸ்க்கை மெதுவாகத் தேய்க்கும், குளிரிலும் பிடிக்கும். சமதரை ஓட்டத்துக்கு அதில் எந்தக் குறையும் இல்லை. அரை உலோகப் பேட் சூட்டை இன்னும் கூடத் தாங்கும், ஆனால் சத்தமும் கறுப்புத் தூளும் வரும். முல்லைத்தீவு, பூநகரி மாதிரிக் கடற்காற்றுப் படும் இடங்களில் நிறுத்தி வைத்தால் டிஸ்க்கோடு துருவில் ஒட்டிக்கொள்ளவும் பார்க்கும்.

பெட்டியை விட்டுவிட்டுப் பேட்டின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே நீளமான குறியீட்டின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துக்கள் இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது கூடிய சூட்டில் எவ்வளவு என்று சொல்கிறது. ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் கீழே இருந்தால், சூட்டில் விட்டுக்கொடுக்கும் பேட் அது. ஆனால் இந்த எழுத்துக்களை அளவுக்கு மீறி நம்பவும் வேண்டாம். சிறு துண்டு ஒன்றைப் பரிசோதனைச் சாலையில் தேய்த்து எடுத்த எண் அது. தரம், தேய்மானம், ஈரத்தில் எப்படி என்பதை அது சொல்லாது. ஐரோப்பிய ஆர்90 அடையாளம், அதாவது வட்டத்துக்குள் ஈ எழுத்தும் ஓர் இலக்கமும் பக்கத்தில் 90ஆர் என்றும் இருந்தால், அந்தப் பேட் காரோடு வந்த பேட்டின் செயல்திறனில் இருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்ற விதிக்கு உட்பட்டது. என் கண்ணுக்கு நம்பிக்கை தரும் அடையாளம் அதுதான். எழுத்தே இல்லாத பேட்டையும், பழைய தகட்டில் புது லைனர், அதாவது உராயும் பகுதியை மட்டும், ஒட்டித் தருவதையும் நான் தொடுவதில்லை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

சரி, எதை வாங்குவது? இங்கிருந்து என் அபிப்பிராயம், வேறொருவர் வேறு சொல்லலாம். அகெபோனோ போன்ற, ஜப்பான் கார்க் கம்பெனிகளுக்கே பேட் செய்து கொடுப்பவர்களின் நல்ல சாதாரணப் பேட் உங்களுக்குப் போதும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மலைநாடு போவீர்கள், மனதுக்கு இன்னும் கொஞ்சம் தைரியம் வேண்டும் என்றால் ஒரு படி மேலே போங்கள், ஹோக் எச்பிஎஸ் அல்லது ஈபிசி ரெட்ஸ்டஃப் அந்த வரிசை. கட்டுக்குருந்தை ஓட்டப்பந்தயத் தடத்தில் காரை விரட்ட ஆசை வந்தால் அப்போது ஃபெரோடோ டிஎஸ் 2500 பற்றி யோசிக்கலாம். 1897இல் ஃபெரோடோவைத் தொடங்கிய ஹெர்பர்ட் ஃப்ரூட், இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைச் சரிவுகளில் இறங்கும் குதிரை வண்டிகளைப் பார்த்துத்தான் நல்ல பிரேக்குக்கு வழி தேடினார். உங்கள் இறம்பொடைப் பிரச்சினை அவ்வளவு பழையது. பெரிய டிஸ்க், துளை போட்ட டிஸ்க் எல்லாம் இப்போது வேண்டாம். 1.6 காருக்கு முன் டிஸ்க் 235 மில்லிமீற்றர், பிறகு வந்த 1.8க்கு 255. பேட் வாங்கும்போது உங்களுடையது எது என்று அளந்து சொல்லுங்கள், முன்பு இருந்தவர் மாற்றியிருக்கவும் கூடும்.

வாங்குவதாக இருந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே வகைப் பேட்டை ஒரே நேரத்தில் வாங்குங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் காரில் ஏபிஎஸ் இல்லை. பிரேக் மிதித்ததும் எடை முன்னுக்குச் சாயும், பின் சக்கரம் இலேசாகும். பின்னால் கூடப் பிடிக்கும் பேட்டைப் போட்டுவிட்டால், நனைந்த தாரில் பின் சக்கரம் முதலில் இறுகிக் கார் சுழன்றுவிடும். முன்னால் மட்டும் கடும் பேட் போட்டால் முன் சக்கரம் இறுகி, ஸ்டியரிங் திருப்பினாலும் கார் நேரே போகும். சுழல்வதைவிட அது பரவாயில்லை, ஆனால் அதுவும் நல்லதல்ல.

டயர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். இப்போது இருக்கும் பேட்டாலேயே சக்கரத்தை இறுக்க முடிகிறது என்றால், அதற்கு மேல் நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயரும் வீதியும்தான். 70 கிலோமீற்றரில் கார் விநாடிக்கு 19 மீற்றருக்கும் மேல் ஓடுகிறது. மாட்டைக் கண்டு கால் பெடலுக்குப் போகும் ஒரு விநாடியில் அவ்வளவு தூரம் போய்விடும். அதன் பிறகு காய்ந்த தாரில் நல்ல டயரோடு இன்னும் 25 மீற்றர் வேண்டும். செம்மண் புழுதியோ கிரவலோ படிந்த இடத்தில் அது 40 மீற்றரை எட்டும். அறுவடைக் காலத்தில் வீதியில் பாதியை மறித்து நெல் காயவிட்டிருப்பார்கள், அதன்மேல் சக்கரம் ஏறினால் உலகத்தின் எந்தப் பேட்டும் உதவாது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், வாரமும் ஆண்டும். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பூத் தேயாமலேயே றப்பர் கல்லாகிப் போன டயர்கள்தான் அதிகம் இருக்கும். பத்து வருடம் தாண்டியிருந்தால் பேட்டுக்கு வைத்த காசை முதலில் டயருக்குக் கொடுங்கள்.

பூட்டும் வேலைக்கு வருவோம், பேட்டின் பெயரைவிட இதில்தான் விடயம் இருக்கிறது. கலிப்பர் வழுக்கி நகரும் இரண்டு பின்களையும் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கு என்றே விற்கும் கிரீஸ் பூச வேண்டும். சாதாரணக் கிரீஸ் றப்பரை ஊத வைக்கும். இங்கே புழுதி உள்ளே போய்ப் பின் இறுகி, உள் பேட் தகடு தெரியத் தேய்ந்தும் வெளிப் பேட் புதிதாகவும் வரும் வண்டிகளை நான் எந்நாளும் பார்க்கிறேன். உங்கள் காரின் பின் கலிப்பர் இன்னும் கவனமாகக் கையாள வேண்டியது. ஹாண்ட் பிரேக்கின் பொறி அதற்குள்ளேயே இருக்கிறது. வான் கலிப்பரில் செய்வதுபோல கிளாம்ப் வைத்துப் பிஸ்டனை நெரித்து உள்ளே தள்ளினால் அந்தப் பொறி கெட்டுவிடும். கலிப்பரின் பின்பக்கம் ஒரு சிறு போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே ஆலன் சாவி போகும் துவாரம் தெரியும், 4 மில்லிமீற்றர். அதை இடப்பக்கம் சுழற்றினால் பிஸ்டன் உள்ளே போகும். புதுப் பேட் வைத்ததும் வலப்பக்கம் முட்டும் வரை சுழற்றி, டிஸ்க் இலேசாகச் சுற்றும் அளவுக்குத் திருப்பி விடுங்கள். உங்கள் மெக்கானிக்குக்கு இந்தக் கார் புதிது என்றால் இந்தப் பந்தியைக் காட்டுங்கள். அப்புறம், தூளைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். பழைய பேட்டில் அஸ்பெஸ்டஸ் இருந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஈரத்துணியால் துடைக்கலாம், அல்லது பிரேக் கிளீனர் அடிக்கலாம்.

ஒயில் மாற்றும்போது பழையதை முழுதாக வெளியேற்றுங்கள், தூரச் சக்கரத்தில் தொடங்கி நான்கிலும் தெளிந்த ஒயில் வரும் வரை. டொட் 4 அல்லது 5.1 போடலாம். டொட் 5 மட்டும் வேண்டாம், பெயர் கிட்ட இருந்தாலும் அது சிலிகோன், மற்றதோடு கலக்காது. திறந்து வைத்த மிச்சப் போத்தலை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும், நம்முடைய மாரிக்கு அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

புதுப் பேட்டை டிஸ்க்கோடு பழக்க வேண்டும். விடிகாலையில், முன்னும் பின்னும் வாகனம் இல்லாத நேரான துண்டில், 60 கிலோமீற்றரில் இருந்து 10 வரை நடுத்தரமாக மிதித்துக் குறையுங்கள், மறுபடி வேகம் எடுங்கள், எட்டுப் பத்துத் தடவை. இடையில் முழுதாக நிறுத்த வேண்டாம். சூடான பேட்டைப் பெடலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றால் பேட்டின் படிவம் டிஸ்க்கில் ஓரிடத்தில் மட்டும் ஒட்டும், பிறகு பெடல் அதிரத் தொடங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று கடையில் சொல்லப்படுவதில் பல இதுதான். முடிந்ததும் பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓடி ஆறவிடுங்கள். பெட்டிக்குள் கம்பெனி தந்த தாளில் வேறு முறை இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

அடுத்த முறை மலைக்குப் போகும்போது, ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்ற லொறிக்காரர்களின் கணக்கைப் பிடியுங்கள். இறம்பொடை வளைவுகளுக்கு இரண்டாவது கியர். பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதும், இஞ்சினை அணைப்பதும் கூடவே கூடாது. இஞ்சின் நின்றால் பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிடமும் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். பெடலில் காலை வைத்து உரசிக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் ஒருமுறை பலமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, முழுதாகக் காலை எடுத்து ஆறவிடுங்கள்.

ஒயில் நிறம், டயரின் நான்கு இலக்கம், நான்கு டிஸ்க்கின் தடிப்பு, இவற்றைப் பார்த்து இங்கேயே எழுதுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிப்பு அதன் நடுவிலோ ஓரத்திலோ பொறித்திருக்கும், துருவைச் சுரண்டினால் தெரியும். உங்களுடையது அதற்குக் கீழே போயிருந்தால் பேட்டோடு டிஸ்க்கும் வாங்க வேண்டி வரும். அந்த எண்களைப் பார்க்காமல் இதற்கு மேல் நான் ஏதும் சொன்னால் அது ஊகம்தான்.